வெள்ளிக்கிழமைப் பெரட்டு

போன மாதம் லைசன்ஸ் புதுப்பிக்க ஈப்போவில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து எழுந்தால் முகப்பில் ஒரு சின்னத் திரை. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், உம்மென்ற முகம். சேவை எப்படி என்று அமுக்கிச் சொல்ல வேண்டும். சிரிக்கிற முகத்தை அமுக்கினேன். நன்றி என்று வந்தது. அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர் கனைத்தபோதுதான் உறைத்தது. காரணம் எழுதுகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது பழைய பழக்கம். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், நான் ஒரு காலத்தில் வீடமைப்பு அமைச்சராக இருந்தவன்.

கொரோனாவால் கடைகளும் நடமாட்டமும் பாதிபாதியாக இருந்த அந்த மாதங்களில் கைப்பேசியில் ஒரு குழு கிளம்பியது. இல்லாத நாடு ஒன்றை நடத்துவதுதான் விளையாட்டு. நாட்டின் பெயர் ஈயநாடு. ஈயம் தோண்டிய பேராக்கில் பிறந்தவர்களுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? பிரதமர், அமைச்சர்கள், எதிர்க்கட்சி, ஒரு பத்திரிகை எல்லாம் உண்டு, எல்லாம் எழுத்தில்தான். பிரதமர் நிஜத்தில் கார் கழுவுகிறவர். நான் பீடோரிலிருந்து ஈப்போ மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் லாரியில் கெலிண்டான். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய் மூட்டை இறக்குகிற ஆள். இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்டபின் எந்த வேலையிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. வீடமைப்பு எனக்கு வந்ததற்குக் காரணம், அதை வேறு யாரும் கேட்கவில்லை.

கணக்கெடுப்பை நடத்தியவர் மெஹர் அக்கா. தைப்பிங்கில் கணவரோடு துணிக்கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று மணிக்குக் கடை திறந்ததும் ஒரு குரல் பதிவு வரும். பின்னணியில் கூரைத் தகரத்தில் மழை. "மழ கொட்டுதுலா. இனி ஆளு வரமாட்டாங்க. பெரட்டு போட்டுறலாம்."

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எங்களில் அநேகமாக எல்லாரும் அந்த வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள். இங்கே வரிசையில் நின்றது அமைச்சர்கள். ஒவ்வொரு பேருக்கும் கீழே இரண்டே பதில்: சரி, சரியில்ல. யார் எதைப் போட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். எதைப் போட்டாலும் ஒரு வரி காரணம் எழுதியாக வேண்டும். காரணம் இல்லாத ஓட்டை அக்கா எடுத்துவிடுவார். மூன்று வாரம் தொடர்ந்து பாதிக்குக் கீழே போனால் பதவி காலி.

என் திட்டம் எளிது. குடிமக்கள் எல்லாருக்கும் ஒரு வீடு. ஒரு தாளில் கட்டம் போட்டு வரைபடம் செய்து, படம் பிடித்துக் குழுவில் போட்டேன். யாருக்கு எந்த எண் வேண்டுமோ கேளுங்கள் என்றேன். ஆறாம் எண் ராசி, எட்டாம் எண் ராசி, நாலு வருகிற எண் சீனர் சொல்கிற மாதிரி சாவு எண், வேண்டாம் என்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் ராசி பார்க்கவில்லை. எல்லாரும் தோட்டத்தில் தாங்கள் இருந்த பழைய லயத்து வீட்டு எண்ணைக் கேட்டார்கள். நான் மட்டும் என்ன, சொல்லாமலே ஒன்பதை எனக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். அமைச்சர் பாருங்கள்.

பத்துப் பதினைந்து தோட்டங்களின் ஆட்கள் ஒரே குழுவில் இருந்தால் ஒரே எண் பலருக்கு இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. பதினான்கை முனியாண்டி அண்ணனுக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, தைப்பிங் பக்கத்துச் செல்விக்கும் அதையே கொடுத்தேன்.

முனியாண்டி அண்ணன் தஞ்சோங் ரம்புத்தானில் குடியிருந்தார். அங்கே இருக்கிற மனநல மருத்துவமனையை நினைத்து, ஊர் பேரைச் சொன்னாலே குழுவில் சிரிப்பார்கள். "உள்ள இல்லலா, வெளிய" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று சிரிக்கவில்லை. நானோ, இது விளையாட்டுதானே அண்ணே, பதினைந்தை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல மூலை வீடு என்று எழுதினேன்.

அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"தோட்டத்த வித்தப்ப எங்க மேனேஜரும் இப்படித்தான் சொன்னான் தம்பி. வேற எடம் எடுத்துக்க, நல்ல எடமுன்னு."

அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பதினொரு சரி, இருபத்திரண்டு சரியில்ல. அடுத்த வாரம் ஒன்பதே சரி. காரணங்களை லாரியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முட்டைக்கோஸ் வாடை இப்போது அடித்தாலும் அந்த வரிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. முனியாண்டி அண்ணன் எழுதியது: "என் வீட்ட இன்னொருத்தருக்குக் குடுத்துட்டாரு."

எத்தனையோ முதலாளிகள் என்னை அனுப்பியிருக்கிறார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள், சட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இந்தச் சம்பளமில்லாத பதவியை விட மட்டும் மனம் வரவில்லை. அடுத்த விடுமுறையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போனேன். முனியாண்டி அண்ணன் சாலையோர ஒட்டுக்கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அவர் வீடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, குழாயடி எங்கே, சீத்தா மரம் எங்கே என்று ரசீதுத் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். செல்வியிடம் போனில் கேட்டுக்கொண்டேன். பிறகு எல்லாரிடமும் கேட்டேன். புது வரைபடத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் தோட்டத்தின் பெயர். இரண்டு பதினான்கு, மூன்று ஒன்பது. வீடுகள் பார்க்கிற திசையும் குறித்திருந்தேன். என் வாழ்க்கையில் முழுதாக முடித்த வேலை அதுதான்.

மூன்றாவது வெள்ளி. ஐந்து மணிக்குக் கணக்கு மூடும். ஐந்துக்குச் சற்று முன் பதினாறு, பதினாறு. செல்வி சரி போட்டிருந்தார். பாக்கி ஒரே ஆள், முனியாண்டி அண்ணன். ஈப்போ மார்க்கெட்டில் மூட்டையை இறக்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரியில்ல. காரணம்: "வீடு கெடச்சிருச்சு. மூணு வாரம் லேட்டு."

உடனே போன் அடித்தேன். ஒரே ஓட்டு அண்ணே, என்று இழுத்தேன்.

"நெஜத்தத்தானடா கேக்குறாங்க," என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "நீ போனாலும் அந்த வீட்ட மட்டும் யாரையும் மாத்த விடாத லா."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். மூன்று வாரம் தாமதம் என்பது உண்மைதான். நான் போட்ட மூட்டைகளையும் கழுவிய தட்டுகளையும் அவ்வளவு கவனமாகப் பார்த்துக் குறை சொன்னவர் யாரும் இருந்ததில்லை.

கட்டுப்பாடு முழுதாக நீங்கியதும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பிரதமர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். மெஹர் அக்கா மட்டும் விடாமல் பெரட்டு போட்டுக்கொண்டிருந்தார், ஓட்டு ஆறாகி, மூன்றாகி. ஒரு வெள்ளிக்கிழமை மழைச் சத்தம் வரவில்லை. கடையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது. குழுவும் அழிந்துபோனது. வரைபடம் இருந்த கைப்பேசி லாரிச் சக்கரத்துக்கு அடியில் போனது, அது என் கவனக்குறைவு.

லைசன்ஸ் புதுப்பித்த அன்று திரும்பும்போது, முனியாண்டி அண்ணனின் பழைய தோட்டம் இருந்த இடத்தைக் கடந்தேன். வாசலில் கம்பிக் கதவும் காவல்காரருமாக ஒரு தாமான், புது வீட்டுக் குடியிருப்பு. மோட்டாரை நிறுத்தி, சீத்தா மரம் நின்ற பக்கம் எது என்று திசையை வைத்துக் கண்டுபிடித்தேன். அங்கே வரிசையாக வீடுகள். பதிமூன்றுக்கு அடுத்தது 13A. அதற்கு அடுத்தது பதினைந்து.