சத்தியமும் சாந்தினியின் வழக்கும்

அலோர் ஸ்டார் நகரத்தில் வழக்கறிஞர் குணசுந்தரியைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் எங்கேயாவது அடிபட்டவர்கள்தாம். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர், தொழிற்சாலையில் விரலைப் பறிகொடுத்தவர், இப்படி. அவருக்குச் சிரிப்பில் கஞ்சத்தனம் உண்டு. பிடிவாதத்துக்குக் குறைச்சலே இல்லை.

பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவரின் மகள் அவர். அண்ணன் காளிதாசன் பள்ளிக்கூட விளையாட்டுப் பயிற்சியில் ஈட்டி பட்டு ஒரு கண்ணை இழந்தான். பிள்ளைகள் நடமாடும் பக்கமாக எறியச் சொன்னது வாத்தியார். “வாத்தியார் நம்ம ஆளு, விட்டுடு” என்று நாலு பேர் சொல்ல, அப்பா கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, யார்மேலும் குறை சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார். தோட்டமே அவரைப் பெரிய மனசுக்காரர் என்றது. கண் போனவனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் குணசுந்தரி சட்டம் படித்தார். அது இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

போன வருஷம், ஜித்ராவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து புஷ்பவள்ளி வந்தார். கணவர் இல்லாதவர். பதின்மூன்று வயது மகள் சாந்தினியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

நடந்தது இதுதான். கால்பந்துத் திடலில் கோல் கம்பத்தை இறுக்கிப் பிடித்திருந்த இரும்பு முளைகளைக் கோயில்காரர்கள் பிடுங்கி, திருவிழாக் கூடாரத்துக்கு அடித்துவிட்டார்கள். சாமி காரியம் என்றால் அங்கே யார் கேட்பது? பெண்பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்கும் முனியாண்டிக்கு அது தெரியும். ஒருநாள்தானே என்று பிள்ளைகளை ஆடவிட்டார். காற்றடித்துக் கம்பம் சாய்ந்து சாந்தினியின் முதுகில் விழுந்தது. அழுதுகொண்டே அவளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அதே முனியாண்டிதான். மறுவாரம் கோயில் தலைவர் சின்னையா, தோட்டத்து ஜனங்கள் சுற்றி நிற்க, புஷ்பவள்ளியைக் கற்பூரத்தின் முன் நிறுத்தி, யார்மேலும் வழக்குப் போடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

“கேஸ் போடாம ஏதாச்சும் வழி இருக்கா அக்கா?” என்று கேட்டார் புஷ்பவள்ளி. “முனியாண்டி அண்ணன் நல்லவருலா.”

“நல்லவர்தாம்மா. ஆனா பிள்ளைங்கள திடலுக்குக் கூப்பிட்டவரு கம்பம் நிக்குதான்னு பார்க்கணும். முளையப் புடுங்குனவங்களும் பதில் சொல்லணும்.”

“நான் சத்தியம் பண்ணிட்டேனே!”

“சத்தியம் உங்களோடது. வழக்கு சாந்தினியோடது. அத விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்ல. ஆனா அவ சின்னப்பிள்ளை. பெரியவங்க ஒருத்தர் அவளுக்காகப் பேர் கொடுத்து நிக்கணும்.”

யார் நிற்பார்கள்? தோட்டத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தக் கற்பூரத்தைச் சுற்றி நின்றவர்கள். பதினெட்டு வயதானதும் அவளே வழக்குப் போடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சிகிச்சைக்குப் பணம் இப்போதே வேண்டும். அதற்குள் பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள், அல்லது மறந்ததாகச் சொல்வார்கள். குணசுந்தரி இதையும் மறைக்காமல் சொன்னார்.

புஷ்பவள்ளி தலையை ஆட்டினார். “மீறினா சாமி சும்மா விடாது. என் பிள்ளைக்குத்தான் ஏதாச்சும் ஆகும்.”

குணசுந்தரி தன் நாற்காலியைச் சாந்தினியின் பக்கம் திருப்பினார்.

“நீ என்னம்மா சொல்றே?”

அந்தப் பிள்ளை திடுக்கிட்டது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது.

“எனக்குத்தான் ஏற்கெனவே ஆயிருச்சேம்மா.”

புஷ்பவள்ளி மகளின் அசையாத கால்களைப் பிடித்துக்கொண்டு விம்மினார். குணசுந்தரி அவரை அழவிட்டார். வெகுநேரம் கழித்துப் புஷ்பவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சத்தியத்த மீறின பாவம் என்னோட போகட்டும். என் பேரையே போடுங்கக்கா.”