ஆறு மணி பஸ்ஸில் போன ராஜா

ஒரு தரம் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு தரம் அடித்தால் புறப்படும். கயிறு இழுத்து அடிக்கிற அந்த மணி இப்போது எந்த பஸ்ஸிலும் இல்லை. போன மாதம் ஒரு பழைய இரும்புக் கடையில் யாரோ அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். டிங், டிங். அந்தப் பித்தளைக்குள் இத்தனை வருஷமாக ஈரமான ஒரு காலைப்பொழுது அடைபட்டுக் கிடந்திருக்க வேண்டும். அது வெளியே வந்து என் முன்னால் நின்றது. என் வலக்கை தானாக மூடிக்கொண்டது, உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருப்பதுபோல.

எங்கள் ஊரான நாவுலயின் செஸ் கிளப்புக்கு யாராவது சரித்திரம் எழுதினால் அது தும்மலோடுதான் தொடங்க வேண்டும். என் வாப்பாவின் கடையில், செத்தல் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் பிறந்த கிளப் அது. எட்டுப் பேர், ஒன்றரைப் பலகை. அரைப் பலகை என்றால் பலகை முழுசுதான், காய்கள்தான் பாதி. மீதிக்குச் சோடா மூடிகள். எதிராளி யோசிக்கும்போது தும்மக்கூடாது என்பது கிளப்பின் முதல் விதி. ஒருவராலும் அதைக் காப்பாற்ற முடிந்ததில்லை.

அந்த வருஷம் கிராம சபைக் கட்டடத்தில் ஓர் அறை காலியானது. கெரம் பலகையில் காய் சுண்டும் இளந்தாரிகளும் கேட்டார்கள், வாப்பாவும் கேட்டார். சபைத் தலைவர் பகிடிக்காரர். "மாத்தளை கிளப்ப ஒருக்கா வென்டு காட்டுங்க, சாவியக் கைல தாரேன். தோத்தா அறை கெரம்காரங்களுக்கு" என்றார். மாத்தளை நகரத்துக் கிளப்பில் மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, நேரம் பார்க்க மணிக்கூடு இருந்தது. எங்களிடம் மிளகாய் இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு மாத்தளைக்குப் போய் உட்கார எட்டுப் பேரில் ஒருவருக்கும் வசதியில்லை. ஆகவே ஆட்டம் பஸ்ஸில் நடந்தது. மாலை பஸ் மாத்தளையின் நகர்த்தலைக் கொண்டுவரும். காலை ஆறு மணி பஸ் எங்கள் பதிலைக் கொண்டுபோகும். நெடுக்குக் கோடுகளுக்கு அ, ஆ, இ, ஈ. குறுக்குக் கோடுகளுக்கு எண். டிக்கெட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினால் போதும். காலை பஸ்ஸில் எங்கள் பதில் போகாவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. மாத்தளைக்கு மட்டும் ஒரு நாள் கூடுதல் தவணை.

கொண்டக்டர் சிங்களவர். செஸ்ஸில் அவருக்கு ஒரு காய்கூடத் தெரியாது. ஆனால் முகங்களைத் தெரியும். டிக்கெட்டை நீட்டும்போது மாத்தளையில் எங்களுக்கு எதிராக ஆடுகிறவரின் முகத்தையும் சேர்த்துக் கொண்டுவருவார். அந்த ஐயாவை மஹத்தயா என்பார். "முதலாளி, இன்டைக்கி அந்த மஹத்தயா சிரிச்சது. நல்லா சிரிச்சது." அதைக் கேட்டு எட்டுப் பேரும் பலகையைச் சுற்றிக் குனிவார்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வாக்கெடுப்பு. பாய வேண்டும் என்று மூன்று பேர், பதுங்க வேண்டும் என்று மூன்று பேர். கடைசியில் இரண்டுமில்லாத ஏதோ ஒன்று ஜெயித்து பஸ் ஏறும். இப்படி ஜனநாயகமாக ஒரு யானையையும் ஒரு குதிரையையும் இழந்தோம். அதற்கு ஈடாக அவர்களிடமிருந்து கிடைத்தது ஒரு சிப்பாயும் நிறையச் சிரிப்பும்.

அப்போதுதான் வாப்பா ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்குப் பத்து வயது. பாயில் நூல்கட்டைகளையும் போத்தல் மூடிகளையும் பரப்பி, "இதுல நீங்க எண்டா என்ன செய்வீங்க மகள்?" என்று கேட்டார், பாடம் கேட்கிற மாதிரி. சொன்னேன். அடுத்த நாள் அது பஸ்ஸில் போனது. அதற்கடுத்த நாளும். கிளப்பில் வாப்பா, "யோசிச்சுப் பாத்தேன்" என்று மட்டும் சொல்வார். எட்டு நகர்த்தல்களில் அவர்கள் யானை ஒன்றும் குதிரை ஒன்றும் பலகையை விட்டு இறங்கின. "மஹத்தயா இன்டைக்கி தேத்தண்ணி குடிக்கல்ல, ஆறிப் போச்சி" என்றார் கொண்டக்டர். ஊர் வாப்பாவை நிமிர்ந்து பார்த்தது. நான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, என் மூளை வாப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்த்தேன்.

பிறகு வாப்பா மிளகாய் எடுக்க லக்கலவுக்குப் போனார். திரும்பும் வழியில் காட்டு யானை மறித்து, இருந்த ஒரே பஸ்ஸும் திரும்பிப் போய்விட்டது, இரவு வர முடியாது என்று ஆள் மூலம் செய்தி வந்தது. மாத்தளையின் டிக்கெட் கடைப் பெட்டியின் மேல் கிடந்தது. மற்றக் காய்களெல்லாம் ஒன்றுக்கொன்று வெட்டுப்பட்டுப் போய், பலகையில் இரண்டு ராஜாக்களும் கொஞ்சம் சிப்பாய்களும்தான் மிச்சம். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ராஜா தாவ வேண்டும்.

ராஜா ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தரம் குதிரையைப் போலத் தாவலாம். ஆறு வயதில் வாப்பா எனக்குச் சொல்லித்தந்த சட்டம். கிளப்பில் ஒருவரும் அதைப் பயன்படுத்தாததை அவர்களுடைய மந்தம் என்றே நினைத்திருந்தேன். எழுதினேன். விடியற்காலை ஓடிப்போய் பஸ் படியில் கொடுத்தேன். "வாப்பா தந்தாரு" என்று ஒரு பொய்யும் சொன்னேன். டிங், டிங்.

மாலையில் திரும்பி வந்த டிக்கெட்டில் அழகான கையெழுத்து. "இப்படி ஒரு நகர்த்தல் இல்லை. தொட்ட காய் ராஜா. ராஜாவையே முறைப்படி நகர்த்தவும்." கொண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "முழு கிளப்பும் சிரிச்சது" என்றார்.

வாப்பா லக்கலவிலிருந்து வந்து இறங்கியபோது கடை நிறைய ஆட்கள். வாசலில் கெரம் பொடியன்கள் ராஜாவைப் போலத் தாவித் தாவிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உம்மாவின் தம்பி, கிளப்பின் எட்டுப் பேரில் ஒருவரான என் மாமா, டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு மச்சான் இத எழுதின? சின்னப் புள்ளக்கும் தெரியும் ராஜா தாவாதெண்டு!"

வாப்பா டிக்கெட்டைப் பார்த்தார். சீலையைப் பார்த்தார். சீலைக்குக் கீழே என் கால்கள் தெரிந்திருக்கும். தான் எழுதியதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், கைத்தவறு என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். சொல்லுங்க வாப்பா, சொல்லுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"என்ட மகள்தான் எழுதின" என்றார் வாப்பா. "இதுக்கு முந்திப் போன எட்டும் அவதான்."

ஒருவரும் தும்மவில்லை. அதுவரை அந்தக் கடை காணாத அதிசயம்.

மாமாதான் முதலில் பேசினார். "கிளப்புட மானத்த ஒரு பொம்புளப் புள்ளட கையில குடுத்திருக்கீங்களே மச்சான்?"

"ஒங்கட கையில இருந்தப்போ என்ன நடந்த? ஒரு யானையும் குதிரையும் போன."

என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அத்தனை ஆண்களுக்கு முன்னால், குற்றவாளியைக் கைநீட்டிக் காட்டுவதுபோல. சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒளிய இனி இடமில்லை. "ஏன் வாப்பா எனக்குப் பொய்ச் சட்டம் சொல்லித்தந்தீங்க?"

"பொய்யில்ல மகள். அது எங்கட வூட்டுச் சட்டம்." பிறகு முக்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "இது மாத்தளைச் சட்டம். இதுல பாருங்க."

எட்டுப் பேருக்கும் நடுவில் முதன்முறையாக உட்கார்ந்தேன். மூட்டைகளின் காரம் கண்ணில் ஏறியது. ராஜாவை நகர்த்தியே ஆக வேண்டும். முன்னால் போனால் என் சிப்பாய் விழும். பக்கத்தில் போனால் அவர்கள் சிப்பாய் ராணியாகிவிடும். ராஜாவை ஒரு கட்டம் பின்னால் வைத்தேன்.

"இவ பயந்து ஓடுறா" என்றார் மாமா.

ஓடவில்லை. பொறுத்தேன். அவர்கள் பக்கம் எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது, ஆனால் நகர வேண்டிய முறை அவர்களுடையது. எதைத் தொட்டாலும் எதையாவது இழக்க வேண்டும். சும்மா இருக்கத்தான் அந்த விளையாட்டில் அனுமதியில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். மாமாதான் கடைசி. பார்த்துவிட்டு அவரே பென்சிலைக் கூர் தீட்டித் தந்தார்.

டிங், டிங். என் ராஜா மாத்தளைக்குப் போனார்.

அன்று மாலை கொண்டக்டர் வெறும் கையோடு இறங்கினார். "மஹத்தயா எழும்பிப் போனது. பேசல்ல." அதற்கடுத்த நாள் அவர்கள் சிப்பாய் ஒன்று விழுந்தது. நான்காம் நாள் ஞாயிறு, அந்த மஹத்தயாவே பஸ்ஸில் வந்து இறங்கினார். மாத்தளைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். வெள்ளைச் சட்டை, குடை. சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து வாப்பாவிடம் கொடுத்தார். அதில், "நாவுலவுக்கு வெற்றி" என்ற இரண்டே சொல்.

"ராசாவைப் பின்னுக்கு எடுத்தது ஆர்? அவரைப் பாக்கத்தான் வந்தனான்" என்றார்.

வாப்பா என் தோளில் கை வைத்து முன்னால் நிறுத்தினார். அந்தக் கையின் கனம் இன்றைக்கும் என் தோளில் இருக்கிறது. கிளாக்கர் என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். குடையை இடது கைக்கு மாற்றி, பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கை கொடுத்தார். சபைத் தலைவர் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டார். கெரம் பொடியன்கள்தான் மேசை தூக்கினார்கள்.

அந்த அறையில் இருபது வருஷம் ஆட்டம் நடந்தது. அங்கே தும்மல் இல்லை. அது ஒன்றுதான் குறை என்று மாமா சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் அந்த நான்கு நாளில் இரண்டு நாள் நான் வாப்பாவோடு பேசவில்லை, காட்டிக்கொடுத்த கோபத்தில். "என்ட மகள்" என்று அவர் சொன்ன குரலில் இருந்தது என்னவென்று அப்போது எனக்குக் கேட்கவில்லை. என் பிள்ளை ஒன்று ஊர் நடுவில் தப்புச் செய்து நிற்க, என் பிள்ளை என்று நான் சொல்ல வேண்டி வந்த நாளில்தான் அந்தக் குரல் வந்து சேர்ந்தது. மிகவும் பிந்திய பஸ்.

அந்த ஞாயிறு பின்னேரம் கிளாக்கரை ஏற்றிவிட எல்லோரும் வந்தோம். படியில் ஒரு கால் வைத்தபடி அவர் திரும்பினார்.

"பிள்ளை, அந்த ராசாப் பாய்ச்சல் எண்டைக்காவது சரிவந்ததோ?"

கொண்டக்டரின் கை கயிற்றில் இருந்தது. வாப்பா எதிர்ப்பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாப்பாவோட வெளையாடினா ஒவ்வொரு தரமும் சரிவரும்" என்றேன்.