தைக்காமல் கொடுத்த சட்டை

வீட்டில் என் தங்கைக்குக் குதிரை என்று பேர். அப்பா தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவர். அவள் ராணுவத்தில் சேர்ந்த பிறகு, வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளுடைய பூட்ஸை மடியில் வைத்துத் துடைப்பார். நான் எட்டாவதோடு நின்று, முகாம் வாசலில் இருக்கும் தையல் கடையில் உட்கார்ந்தவள். யாராவது என்னைக் கேட்டால், "பெரியவ வீட்டோட இருக்கா" என்பதோடு அப்பா முடித்துக்கொள்வார்.

அவள் ராணுவச் சட்டைகளுக்கு இடுப்புப் பிடித்துக் கொடுப்பது நான்தான். கடையில் ஆள் இல்லாதபோது போட்டுக் கண்ணாடியில் பார்ப்பேன். தோள் என்னவோ எனக்குத்தான் சரியாக நின்றது.

ஒருநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றாள். உடம்பில் சால்வை, கையில் சுருட்டிய சட்டை.

"சீக்கிரம் தச்சுக் குடுக்கா. துவைச்சு அயர்ன் பண்ணி கமாண்டர் முன்னாடி நிக்கணும்."

இன்னொரு பதவி உயர்வு என்று நினைத்தேன். "மேடம் வரிசையில எல்லாம் நிக்க மாட்டீங்களோ?" என்றேன். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்புகிறவள், சட்டையை மட்டும் மிஷின் மேல் வைத்தாள்.

சட்டையை விரித்தேன். நூலை முறுக்கிச் சுற்றி நான் தைத்த பட்டன்கள், துணியோடு பிய்ந்து போயிருந்தன. சட்டைக் கையில் ரத்தக் கறை.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். நேற்று ராத்திரி, கம்பளி எடுக்க வேண்டும் என்று அவள் பிரிவின் சார்ஜென்ட் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டிருக்கிறான். கதவைச் சாத்தியிருக்கிறான். "வேணாம்னு சொன்னேன்க்கா. அவன் கையக் கடிச்சேன். அப்பவும் விடல."

புகார் கொடுக்கத்தான் கமாண்டரிடம் போகிறாள். ஆனால் கிழிந்த உடுப்போடு அதிகாரி முன் நிற்பது குற்றம் என்று அவளைப் பழக்கியிருந்தார்கள். அவன் ரத்தத்தை அவளே துவைக்க இருந்தாள்.

"தைக்க மாட்டேன்," என்றேன். "துவைக்கவும் கூடாது. குளிச்சியாடி?"

"இல்ல."

"என் துணியப் போட்டுக்க. முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் இதை அப்படியே கொண்டுபோய் கமாண்டர் மேஜையில வை."

கடையை இழுத்துப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன்.

அவள் பக்கமே வந்ததில்லை என்று சார்ஜென்ட் சாதித்தான். அவன் மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது; சட்டையில் இருந்ததும் அவன் ரத்தம்தான் என்று பரிசோதனையில் தெரிந்தது. அவனைக் காவலில் வைத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்பாவோ அவளை வேலையை விட்டுவிடச் சொன்னார். "பெரியவளப் பாரு, வீட்டோட எவ்வளவு அடக்கமா இருக்கா." அவர் வாயால் என்னை ஒருமுறையாவது உயர்த்திச் சொல்ல மாட்டாரா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். அதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டேன். குதிரை பூட்ஸைத் தானே துடைத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பினாள். முகாமில் சிலர் இன்னும் அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்களாம். அவள் அணிவகுப்பில் முன்வரிசையில்தான் நிற்கிறாள். எனக்கு அந்த இடத்தின் மேல் இன்னும் பொறாமை.

போன வாரம் புதுச் சட்டை கொண்டுவந்தாள். இடுப்புப் பிடித்துக் கொடுத்தேன், நான் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு.