பவுலின் ஊற்றாத தண்ணீர்

பிரசவ வார்டில் பவுலின் ஆயாவுக்கு இரண்டு வேலை. ஒன்று சம்பளத்துக்கு. தரை துடைப்பாள், ரத்தத் துணி அலசுவாள், பிள்ளை பெற்றவளின் இடுப்பில் வெந்நீர் ஊற்றுவாள். இன்னொரு வேலைக்குச் சம்பளம் கிடையாது. பிழைக்காது என்று டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிய குழந்தையின் தலையில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பேரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுப்பாள்.

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் மதர் சொல்லிக்கொடுத்தது அது. சாகப்போகிற உயிருக்குச் சாமியார்தான் வரவேண்டும் என்பதில்லை, யாரும் ஊற்றலாம். ஊற்றினால் குழந்தை நேரே மோட்சம். ஊற்றாவிட்டால் லிம்போ என்று ஓர் இடம். அங்கே நெருப்பு இல்லை, அழுகை இல்லை, ஆண்டவரின் முகமும் இல்லை.

"ஆனா உயிர் இருக்கிறப்பவே ஊத்தணும், பவுலின். போனப்புறம் ஊத்தினா வெறும் தண்ணி."

பவுலின் ஒருநாளும் தவறவில்லை. எந்த மதத்துக் குழந்தை என்று பார்த்ததும் இல்லை. துணி மாற்றுகிற சாக்கில், தாய்க்குத் தெரியாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் காரியம் முடிந்துவிடும். பக்கத்து வீட்டு ஜானகிக்கு ஏழாம் மாதத்தில் பிறந்து அன்றே இறந்த ஆண்பிள்ளைக்கும் அப்படித்தான் ஊற்றினாள். ஜானகி வீட்டில் முருகன் படம் மாட்டியிருந்தது. அவளிடம் இதைச் சொல்ல பவுலினுக்கு வாய் வரவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில், நீலசந்திரா பேட்டையில் இருந்த அவள் வீட்டில், மகள் மௌரீனுக்கு நாள் ஆகுமுன்பே வலி கண்டது. மருமகன் ஹெர்பர்ட் வேலைக்குப் போயிருந்தான். தெருவில் முழங்கால் தண்ணீர். ஜட்கா வண்டி எதுவும் வரவில்லை. ஜானகி வந்து அடுப்பை மூட்டினாள். மத்தியானம் பெண்குழந்தை பிறந்தது. உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. நெஞ்சு மட்டும் லேசாகத் துடித்தது.

பவுலின் குழந்தையை அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வார்டாக இருந்தால் அவள் கை முதலில் டம்ளரைத் தேடியிருக்கும். ஊரார் பிள்ளை பிழைக்காது என்று அவள் மனம் சட்டென ஒப்புக்கொண்டுவிடும். தன் பேத்தி விஷயத்தில் அது ஒப்பவில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். வாய்க்குள் விரல் விட்டுச் சளியை வழித்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

"அக்கா, கை அசையுது பாரு!" என்றாள் ஜானகி.

"பொழைச்சுக்கும். பொழைச்சுக்கும்டி. வெந்நீர்த் துணி கொண்டா, ஜல்தி!"

கால் மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். எத்தனையோ நெஞ்சில் வைத்துப் பழகிய காது அது, அதை ஏமாற்ற முடியாது. அப்போதுதான் அவளுக்குத் தண்ணீர் ஞாபகம் வந்தது. குடம் கைக்கெட்டும் தூரத்தில் நிரம்பி நின்றது.

உள்ளேயிருந்து மௌரீன் கத்தினாள்: "அம்மா! ஏன் சத்தமே இல்ல? தண்ணி ஊத்தினியா? ஊத்தினியாம்மா?"

ஜானகி பவுலினின் முகத்தையே பார்த்தாள்.

"ஊத்திட்டேன்டி" என்றாள் பவுலின். "உசிரு இருக்கிறப்பவே ஊத்திட்டேன். தெரேசான்னு பேர் வெச்சிருக்கேன்." சொல்லிவிட்டுக் குடத்தில் கையை விட்டுக் குழந்தையின் தலைமயிரை நனைத்தாள்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைக் கல்லறையில் மந்திரிக்காத இடத்தில், மதிலோரமாகப் புதைப்பார்கள். சிலுவை வைப்பதில்லை, மணி அடிப்பதில்லை. ஆனால் பங்குச்சாமியார் ஞானசேகரன் பவுலினிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஊத்தினதா சொன்னாங்க?" அவள் தலையசைத்தாள். "உன் கைக்குச் சாட்சி வேற வேணுமா?" என்று சொல்லிவிட்டு வெள்ளை உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். தெரேசாவுக்குப் பூமுடி வைத்து, மணியடித்து அடக்கம் செய்தார்கள். மோட்சத்தில் ஒரு குட்டித் தேவதூதர், ஒரு சம்மனசு கூடிற்று என்று பெண்கள் மௌரீனைத் தேற்றினார்கள். மௌரீனும் தேறினாள்.

திரும்பி வரும் வழியில் ஜானகி மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கக்கா பொய்யி? உங்க சாமிக்குத் தெரியாதா?"

"தெரியும். மௌரீனுக்குத் தெரியக்கூடாது."

"சரி, விடு. எம் புள்ளையும் உம் பேத்தியும் மேலே ஒண்ணா ஆடிக்கிட்டிருக்கும்."

பவுலின் சேற்றில் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். அவள் கற்ற ஞானோபதேசத்தின்படி ஜானகியின் பிள்ளை ஆண்டவரின் மடியில் இருந்தது. அவள் பேத்தி அங்கே இல்லை.

தெரிந்தே சொன்ன அந்தப் பொய் சாவான பாவம், அதோடு பூசையில் நன்மை வாங்கக்கூடாது. நாக்கில் அந்த வெள்ளை அப்பத்தை வாங்கினால் அது இன்னொரு பாவம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன்பே பவுலின் காபி குடித்துவிடுவாள். நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது என்பது சட்டம். "மறந்துபோய்க் குடிச்சுத் தொலைச்சேன்டி" என்று சொல்லி, எல்லோரும் எழுந்து போகையில் அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

ஒருதரம் பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்கு, மல்லேஸ்வரம் பக்கம், பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கிராதிக்குப் பின்னால் இருந்த சாமியார் முழுவதும் கேட்டார்.

"பொய் சொன்னதுக்கு மனஸ்தாபப்படுறியா?"

"இல்ல சாமி."

"மகள்கிட்ட உண்மையைச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்போ நான் எப்படிம்மா மன்னிப்பு குடுக்கிறது?"

"ஒண்ணு கேக்கறேன் சாமி. நான் ஊத்தின அசலார் புள்ளைங்கல்லாம் மோட்சத்துலதானே?"

"சந்தேகமே இல்ல."

"எம் பேத்தி?"

 "ஆண்டவர் இரக்கமுள்ளவர்" என்றார்.

"அந்த இரக்கத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி இல்லாம முடியாதா சாமி?"

"வெளியே ஆளுங்க காத்திருக்காங்கம்மா" என்றார் சாமியார்.

அதன்பிறகு சட்டமே அவளைத் துரத்த ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் பட்டினி இருந்தால் போதும் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தது. பவுலின் காபியோடு ஒரு பன்னும் சேர்த்து, பூசை நேரத்துக்குக் கிட்டத்தில் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டாள். அறுபத்து நாலு கடைசியில் ஒரு மணி நேரம் போதும் என்றார்கள். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது.

அடுத்த ஞாயிறு பூசையில் மௌரீன் எழுந்து நின்று, தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாம்மா."

"காபி..."

"வீட்டைவிட்டுக் கிளம்பியே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. என்கிட்டயே சொல்றியா?" மௌரீன் குனிந்து முகத்தை நெருக்கமாக வைத்துக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. "பத்து வருஷமா பாக்கறேன். தெரேசா போனதிலேர்ந்துதான் நீ வாங்கறதில்ல. நிஜத்தைச் சொல்லு. அன்னிக்கு ஊத்தினியா, இல்லையா?"

"பைத்தியக்காரி" என்றாள் பவுலின்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மகளுக்கு முன்னால் நடந்துபோய்ப் பீடத்தின் முன் கிராதியோரம் முழந்தாளிட்டாள். சாமியார் லத்தீனில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பவுலின் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் மௌரீன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிடும்மா. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. எம் புள்ள மோட்சத்துலதான் இருக்கு."

"பின்னே எங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, மேலண்ணத்தில் ஒட்டியிருந்ததைப் பவுலின் நாக்கால் பெயர்த்து விழுங்கினாள்.