சைபருக்கு ஒரு ஸ்தோத்திரம்

ஜெயசிங் வாத்தியார் நன்றி சொல்லாமல் விட்ட காரியம் சங்கரன்கோவிலில் குறைவு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம். கிடைக்காமல் நின்றுகொண்டே வந்து ஊர் சேர்ந்தாலும் ஸ்தோத்திரம். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தார். கணக்கில் யார் என்ன சொன்னாலும் நிரூபணம் கேட்பார். கடவுளிடம் மட்டும் கேட்டதில்லை. இரண்டு குணமும் ஒரே சட்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அவருக்கு உயிர், முழுப்பகுதியும் பின்னப்பகுதியும் வரும் சமன்பாடுகள். இரண்டரை என்றால் முழுப்பகுதி இரண்டு, பின்னப்பகுதி அரை. "நம்ம பாஷையே பிரிச்சுத்தான வச்சிருக்கு! ஒன்றே, கால். மூன்றே, முக்கால்" என்று பூரித்துப்போவார். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.

சென்னையில் வெளிவந்த ஒரு கணிதப் பத்திரிகைக்குப் பல வருஷமாகப் புதிர்கள் அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தன. 1981-ல் ஒன்று தேறியது: 'ஓர் எண்ணின் முழுப்பகுதி, அதன் பின்னப்பகுதியைப் போல நான்கு மடங்கு. அந்த எண் எது?' ஒன்றேகால், இரண்டரை, மூன்றேமுக்கால் என்பது அவர் விடை. முழுப்பகுதி நான்கானால் பின்னப்பகுதி ஒன்றாக வேண்டும். அது எப்போதும் ஒன்றுக்குக் கீழேதான். ஆகவே 'இம்மூன்றே, வேறு விடை இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். அடுத்த இதழில் விடையோடு வருகிறது என்று கார்டு வந்தது.

நல்லது நடந்தால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது அவருடைய சபையாரின் வழக்கம். பாட்டு, ஜெபம், வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொல்வது, கடைசியில் காப்பி பலகாரம். பிள்ளை பிறந்தால் வைப்பார்கள், வேலை கிடைத்தால் வைப்பார்கள். ஜெயசிங் சமன்பாட்டுக்கு வைத்தார்.

அன்று சாயங்காலம் மனைவி இன்பம் பாசிப்பயறு வறுத்துச் செய்த முந்திரிக்கொத்தை அடுக்கிக்கொண்டிருக்க, உடன் வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் நஜ்முதீன் கடையநல்லூரிலிருந்து முதல் ஆளாக வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? புதிரின் நகலை வாங்கிப் படித்தார்.

"எல்லாம் சரி வே. சைபர எங்கன விட்டீரு?"

"சைபரா?"

"முழுசும் சைபரு, பின்னமும் சைபரு. சைபர நாலு மடங்காக்கினா சைபர்தான வே?"

ஜெயசிங் நகலைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். மூன்றேமுக்காலுக்கு மேலே வழியில்லை என்று காட்டியிருந்தார். மைனஸ் பக்கமும் வழியில்லை என்று காட்டியிருந்தார். நடைவாசலில் உட்கார்ந்திருந்த சைபர்தான் கண்ணில் படவில்லை.

"அச்சுல வந்துருமே வே. கோடு வேற போட்டிருக்கேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைய மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"முழிக்கது பெறகு. தந்தி ஆபீஸ் இன்னும் பூட்டல. சைக்கிள எடும்."

'சைபரும் விடை. சேர்க்கவும். கண்டவர் நஜ்முதீன்' என்று வாசகம். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. பெயர் வேண்டாம் என்று நஜ்முதீன் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், லாட்டரியா?"

"இல்ல அண்ணாச்சி, மானம்."

திரும்பி வந்தபோது வீடு நிறைந்திருந்தது. தந்தி அச்சை முந்துமா என்பது யாருக்கும் தெரியாது.

"விடையே தப்புன்னு சொல்லுதிய. பெறகு எதுக்கு ஸ்தோத்திரம்? காப்பியக் குடுத்து அனுப்பிருவோமா?" என்றார் இன்பம், குரலைத் தாழ்த்தி.

பத்திரிகையில் பெயர் வரப்போகிறது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். சபைக்குச் சைபரைப் பற்றிக் கவலை கிடையாது. ஆனால் சாட்சி சொல்ல எழுந்தவர் பாதி உண்மையோடு உட்காரக் கூடாது என்பது ஜெயசிங்கின் கட்சி.

"நான் போட்ட கணக்கு தப்பு. அச்சுலயும் தப்பாவே வரலாம். ஆனா அதக் கண்டு சொல்ல கர்த்தர் நஜ்முதீன் சாரை இங்கன கூட்டிட்டு வந்தாரு. அதுக்கு ஸ்தோத்திரம்."

வீடு முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது.

"கூட்டிட்டு வந்தது புளியங்குடி வழியா வாற பஸ்ஸு வே" என்றார் நஜ்முதீன் காப்பி நேரத்தில், முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே.

"அந்த டிரைவருக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

அடுத்த மாதம் இதழ் வந்தது. விடைகள் நான்கு, சைபர் முதலில் நின்றது. அடியில் சின்ன எழுத்தில் நஜ்முதீன் பெயர். ஜெயசிங் தன் பெயரைப் பிறகுதான் தேடினார்.

"வாற சனிக்கிழமை கூட்டம் வைக்கணும்" என்றார் இன்பத்திடம்.

"அதான் வச்சாச்சுல்லா?"

"அது தப்புக்கு வச்சது. இது சரியானதுக்கு."

"அப்பம், கொத்துக்குப் பயறு நீங்கதான் வறுக்கணும்."

வறுத்தார். பாதி கருகியது. மீதி பாதிக்கு ஸ்தோத்திரம் என்றார்.