நாய்க்கு அளந்த வழி

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம் சும்மா கிடந்தது. அதில் நீச்சல் குளம் கட்டவேண்டும் என்று எனக்குக் கிறுக்குப் பிடித்ததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருவர்தான் காரணம். தன் தோப்பு வீட்டில் குளம் கட்டிவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டுப் பால்கோவா கொடுத்துக் காட்டினார். நீலத் தண்ணீரில் இடுப்பளவுக்கு அவர் நின்ற மிதப்பைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

மனைவிக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள். மனைவி கூமாப்பட்டிக்காரி, வயல் கிணறுகளுக்கு நடுவே வளர்ந்தவள்.

“கெணத்துல விழுந்த பிள்ளைய வெளிய எடுத்துப் போட்டத நான் பாத்திருக்கேன். நீங்க பாக்கல. மொதல்ல வேலி, பொறவுதான் குழி. இல்லன்னா நானும் பிள்ளையும் ஊருக்குப் போறோம்” என்றாள்.

சரி என்றேன். நூற்பாலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறவன் நான். சட்டைப் பையில் எந்நேரமும் அளக்கிற டேப் இருக்கும். ஒரு நூல் பிசகினாலும் மெஷின் நின்றுவிடும் என்று பத்துப் பேரைத் திட்டிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு வேலி பெரிய காரியமா? சுண்ணாம்புப் பொடியால் குளத்துக்குக் கோடு போட்டேன். அதிலிருந்து வீட்டுப் பக்கமாக ஆறடி தள்ளி, பக்கச் சுவர் ஒன்றிலிருந்து மற்றொன்று வரை, ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலை. நடுவில் ஒரு கேட். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி, அதற்கொரு பூட்டு. படத்தைக் காட்டியபோது மனைவி முதன்முறையாகச் சிரித்தாள்.

அப்புறம்தான் நாயின் நினைப்பு வந்தது.

எங்களிடம் ராஜபாளையம் நாய் ஒன்று இருக்கிறது. வெள்ளை, என் தொடை உயரம். எங்கள் ஊரில் இந்த நாயைச் சங்கிலியில் போட்டு வைப்பதை யாரும் மதிக்கமாட்டார்கள். சாயங்காலத்திலிருந்து விடியும் வரை அது வீட்டைச் சுற்றி வரவேண்டும். வேலி போட்டுவிட்டால் அது பின்சுவர் வரை எப்படிப் போகும்? சுவருக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அங்கிருந்துதான் எதுவும் வரும். அதனால் வேலியின் மூலையில் நாய்க்கு ஒரு வழி விடச்சொன்னேன். நாயை நிறுத்தி, டேப்பை வைத்து அளந்தேன். அகலம் ஒரு அடி, உயரம் இரண்டரை.

சேத்தூரிலிருந்து வந்த கொத்தனார் அந்த இடத்தில் செத்த நேரம் நின்றார்.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

“நாய்க்கு.”

“நாய்க்கு இம்புட்டு உயரமா?”

“ராஜபாளையம் நாயாச்சே” என்றேன் பெருமையாக. அவர் என்னைப் பார்த்தார், பின்வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார், பிறகு கம்பியை வெட்டினார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதிகப்பிரசங்கி என்று மனசுக்குள் வைதேன்.

வேலி முடிந்ததும் பின்சுவரில் தோப்பைப் பார்த்து இருந்த பெரிய கேட் வழியாக ஜேசிபி வந்து ஐந்தடிக்குக் குழி தோண்டியது. மறுநாளே மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் விடாத மழை. வேலை நின்றது. குழியில் செம்மண் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நாய் குழியருகே போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரையே பார்த்தது. கூப்பிட்டாலும் வரவில்லை. வேலிதான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில், எப்போதும் தாழ் போட்டிருக்கும் பின்கதவைக்கூட நாங்கள் திறந்தே போட ஆரம்பித்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. நான் எழுந்ததே தாமதமாகத்தான். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க டேப்போடு போனேன். வேலிக் கேட் பூட்டியபடி இருந்தது. மூலையில், நாய் வழியில், ஈர மண்ணில் நாயின் கால்தடம் பதிந்திருந்தது.

பக்கத்திலேயே சின்னப் பாதம். ஐந்து விரலும் அச்சாகத் தெரிந்தன. வழிக்குள் நுழைந்து, நாயோடு நடந்து, குழியின் விளிம்பு வரை போயிருந்தது. விளிம்பில் இரண்டு உள்ளங்கைகளும் முழங்கால்களும் அழுந்தியிருந்தன. ஒரு கைக்குக் கீழே மண் சரிந்து தண்ணீருக்குள் போயிருந்தது.

என் கையிலிருந்த டேப் எங்கே விழுந்தது என்று தெரியாது. திரும்பி வந்த தடத்தை நான் தேடவில்லை, அதற்குப் பொறுமை இல்லை. வீட்டுக்குள் ஓடினேன். அடுப்படியில் மகள் தோசை தின்றுகொண்டிருந்தாள். குதிகாலில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. மனைவி அடுத்த தோசைக்கு மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பிள்ளைக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாயை அளந்தவனுக்குப் பெற்ற பிள்ளையை அளக்கத் தோன்றவில்லையே என்று என்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

“நீ எங்க போனம்மா?”

“நாய் கூட.”

“அங்க என்ன பண்ணுன?”

“தண்ணிக்குள்ள ஒரு பாப்பா இருந்துச்சுப்பா. மேல வான்னு கூப்ட்டேன், வரல. கையக் குடுத்தேன், அதுவும் குடுத்துச்சு. எட்டல.” தோசையை இன்னொரு துண்டு பிய்த்தாள். “நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

தோசை கருகும் வாடை வந்தது. மனைவி திரும்பவே இல்லை. கரண்டியைப் பிடித்திருந்த கை அந்தரத்தில் நின்றது.

நான் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டேன். குழியை மூடவேண்டும், உடனே வாருங்கள் என்றேன்.

“தோண்டி நாலு நாளுதான அண்ணாச்சி ஆச்சு?” என்று சிரித்தார். “இன்னைக்கு ஞாயித்துக்கெழம. நாளைக்கு வாரேன்.”

“நாளைக்கு வேண்டாம்” என்று கத்தினேன். “இப்பவே வாங்க.”