ஜன்னல் வழியாகப் போன வயர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. சுகமில்லையா என்று கேட்டு இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் ஓர் இரைச்சலில் தொடங்கியது.

அம்பிட்டியவில் என் வீட்டுப் பின்னறையை நான் ஸ்டூடியோ என்று சொல்வேன். என் மனைவி 'முட்டைக் கடை' என்பாள். எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்பதற்குக் கிடைத்த மரியாதை அது. ஒரு மைக், சின்ன மிக்ஸர், கசெட் டெக், பதிந்ததைக் கேட்டுப் பார்க்க இரண்டு மொனிட்டர் ஸ்பீக்கர். வானொலிக்கு நாடகத் துண்டுகள் பதிந்து அனுப்புவது இதில்தான்.

அந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரு மாதமாக 'ம்ம்ம்ம்...' என்று முனகிக்கொண்டிருந்தன. மிக்ஸரை முழுதாகக் குறைத்தாலும் அதே முனகல். கசெட்டிலும் ஏறியது. நாடகத்தில் யாராவது பேசாமல் நின்றால், பின்னால் மாவு மில் ஓடுவது போலிருக்கும்.

மகாலிங்கம் வந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட வேலை, ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. நான் மடவளை முஸ்லிம் என்பதால், அண்ணன் என்ற முறையில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அம்மா ஊரில் தனியே இருக்கிறார். கண் பார்வை போய்விட்டது. கடிதம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். தான் அம்மாவுக்குச் சொல்வதை இன்னொருவர் வாயால் அம்மா கேட்பது மகாலிங்கத்துக்குப் பிடிப்பதில்லை. ஆகவே பேசிப் பதிந்து கசெட் அனுப்புவார்.

சண்டை தொடங்கியதிலிருந்து அங்கே கரண்ட் ஏது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசெட் ரேடியோ ஓடும். அப்படித்தான் அம்மா மகனைக் கேட்கிறார். அந்தக் கரகரப்போடு என் வீட்டு முனகலும் சேர்ந்தால் குரல் எங்கே கேட்கப்போகிறது?

திங்கட்கிழமை கன்னியாஸ்திரி ஒருவர் திருகோணமலைக்குப் போய் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறுகிறார். கசெட்டை அவர் கையில் சேர்த்தாக வேண்டும். விட்டால் அடுத்த ஆள் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது.

"முதலில உந்த இரைச்சலைப் பிடிப்பம் நானா," என்று சட்டைக் கையை மடித்தார்.

இதற்கு ஒரு முறை இருக்கிறதாம். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிரிட்ஜை நிறுத்தினோம் - என் மனைவி உள்ளே இருந்த இறைச்சியை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முனகல் போகவில்லை. டியூப் லைட்டை அணைத்தோம். போகவில்லை. மிக்ஸரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினோம் - ஸ்பீக்கர் கப்சிப். ஆக, ஸ்பீக்கரில் பிழையில்லை. ஒரு மாதமாக நான் அதைத் திட்டித் தீர்த்தது வீண். மிக்ஸரையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் போர்டில் செருகினோம். பாதி குறைந்தது. மீதி?

மகாலிங்கம் வீட்டைச் சுற்றி வந்தார். குசினிக்குப் பின்னால் நின்று சிரித்தார். பழைய வீடு, எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். அந்த இரும்புக் குழாயைப் போன மாதம் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிய புத்திசாலி நான்தான். அன்றையிலிருந்து வீட்டுக்கே எர்த் இல்லை.

கொய்யா மரத்தடியில் ஒரு செம்புக் கம்பியை அடித்து இறக்கினோம். அதிலிருந்து நீளமான ஒரு வயர், ஜன்னல் வழியாக மிக்ஸருக்கு. சுவிட்சைப் போட்டோம். சத்தமே இல்லை. இரண்டு பேரும் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அப்படி ஒரு சந்தோஷம்.

இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் சுத்தியலும் கையுமாக ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து மரத்தடிக்கு வயர் இழுத்தால், ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நாங்கள் யோசிக்கவேயில்லை. எங்களுக்கு இரைச்சல் ஒன்றுதான் கவலை.

கசெட்டின் முதல் பக்கம் முடியப்போகும்போது பொலிஸ் வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்கூட இருக்கலாம். வயரைப் பிடித்துக்கொண்டே மரத்தடி வரை போனார்கள். திரும்பி வந்து முட்டை அட்டைகளைப் பார்த்தார்கள். யாருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தண்ணீர்க் குழாய்க் கதையைச் சொன்னேன். சார்ஜன்ட் மரியாதையான மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு கசெட்டைப் போடச் சொன்னார்.

போட்டேன். துளி முனகல் இல்லாமல், பளிச்சென்று மகாலிங்கத்தின் குரல் வந்தது.

"அம்மா, இங்கை ஒரு பயமும் இல்லை. என்னை நினைச்சு நீங்கள் யோசிக்க வேண்டாம்."

என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் என்னைக் கேட்டார். இங்கே பயமில்லை என்று தாய்க்குச் சொல்கிறார் என்றேன். மகாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து அடையாள அட்டைகளைக் கேட்டார்கள்.

என்னுடையதில் மடவளை. அவருடையதில் சாவகச்சேரி.

வீடு என்னுடையது. வயரும் என்னுடையது. கூட்டிப் போனது அவரை! வீட்டில் இரைச்சல் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் காரணத்தைத் தேடுகிறோம். நாட்டில் அவ்வளவு மெனக்கெடுவதில்லை - ஊர்ப் பெயரைப் பார்த்தே கழற்றிவிடுகிறார்கள்.

வயர் என்னுடையது என்று நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. என்னையும் கூட்டிப் போங்கள் என்று சொல்லவேயில்லை. ஜீப் கேட்டைத் தாண்டிய பிறகுதான் இதெல்லாம் வாய்க்கு வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிட வெட்கம்.

ஆறு நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். வெள்ளிக்கிழமை விட்டார்கள். பொலிஸ் கொண்டுபோன கசெட் திரும்பி வரவில்லை. கன்னியாஸ்திரி சொன்னபடி திங்கட்கிழமையே போய்விட்டிருந்தார்.

நேற்று மகாலிங்கம் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். வருகிற புதன்கிழமை இன்னோர் ஆள் ஊருக்குப் போகிறாராம். நான் ஓடிப்போய்ப் புதுக் கசெட் ஒன்றைப் பிரித்து டெக்கில் போட்டேன்.

மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். "அம்மா..." என்றார். அதோடு நிறுத்தச் சொன்னார். பதிந்ததை ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்றார். போட்டுக் காட்டினேன். அந்த ஒரு சொல்லை மூன்று தடவை கேட்டார். பிறகு எழுந்து, கடதாசியும் பேனையும் தரச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசிப்பது உங்களுக்குப் பிடிக்காதே என்றேன்.

"அவரே வாசிக்கட்டும் நானா. அவரின்ர குரல் நடுங்காது."